வடையின் முதல் பாதி

பட்டாசக்காவுக்கு அந்தப் பெயர் வாயால் வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வாயும் லேசுப்பட்டதில்லைதான். ஆனால் பெயர் வந்தது ஜவ்வரிசியால். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், கணவரின் தையல் கடையை ஒட்டி, ஒரு தகரக் கூரையின் கீழ் அவள் எண்ணெய்ச் சட்டி வைத்த புதிதில், விரத நாளுக்கென்று போட்ட ஜவ்வரிசி வடை ஒன்றுவிடாமல் எண்ணெயிலேயே வெடித்தது. டப், டப் என்று அப்படி ஒரு சத்தம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். "கடை திறப்பு விழாவுக்கு வெடி வேற ஏற்பாடு பண்ணியிருக்கியா?" என்று தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வெடித்ததற்குக் காரணம் சரியாக ஊறாத மணி. ஜவ்வரிசி தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். நடுவில் மட்டும் கடுகளவு கல்லாக நிற்கும். சட்டியில் விழுந்ததும் உள்ளே அடைபட்ட ஆவி வழி தெரியாமல் வடையைப் பிளந்துகொண்டு வரும். பட்டாசக்காவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மிளகுப்பொடி தூவினாற்போல் தழும்புகள். பட்ட பிறகு புத்தி வந்தது. மணிகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ராத்திரி ஊறப்போடுவாள். காலையில் துணியில் கொட்டி ஈரத்தை ஒற்றியெடுப்பாள். ஒவ்வொரு பிடியிலும் சில மணிகளை விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பாள். அப்புறம்தான் வேகவைத்த உருளைக்கிழங்கு, வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், சீரகம், இந்துப்பு எல்லாம் சேரும். வெங்காயம் கூடாது, அரிசி மாவோ கடலை மாவோ கிட்டேயே வரக்கூடாது. விரத வடைக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி எண்ணெய். தையல்காரர் ஒருமுறை உதவி செய்கிறேன் என்று வந்து பக்கோடாக் கரண்டியை இந்தச் சட்டியில் விட்டுவிட்டார். எண்ணெயை அப்படியே ஒதுக்கிவிட்டு, சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாள். அவரையும் தேய்த்தாள், வாயாலேயே.

இவ்வளவு பத்தியம் பார்க்கிறவள் விரதம் இருப்பாளா என்றால், அதுதான் இல்லை. விரத நாளன்று காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுவாள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து, எதிரே ஆள் நிற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் சாப்பிடுவாள். யாராவது கேட்டால், "சின்ன வயசுல நான் இருந்த பட்டினியே ஏழு ஜென்மத்துக்குப் போதும். கடவுள் கணக்குப் பார்த்தார்னா எனக்குத்தான் பாக்கி தரணும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அப்பாவுக்கு வேலை போன காலத்தில், குப்புறப் படுத்தால் பசி தெரியாது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். இன்றைக்கும் பட்டாசக்காவால் குப்புறப் படுக்க முடியாது. தூக்கத்தில் தவறிப் புரண்டால்கூட மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய விரத வடைக்கு வாடிக்கை நிறைய. அதில் ஒரு ஜோடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் சரக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எடைமேடைக்காரர் என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. மகராசி என்றுதான் கூப்பிடுவார். மாதத்தில் இரண்டு தடவை இருவரும் சேர்ந்து விரதம். தெருவிளக்கு எரிந்ததும் பட்டாசக்கா கடைக்கு வந்து, மரப்பெஞ்சில் அவர் உட்கார, அந்தம்மா தூணோரமாக நின்றுகொண்டு, ஒரே ஒரு வடை வாங்கி விரதம் விடுவார்கள். மிச்சச் சாப்பாடெல்லாம் அப்புறம் வீட்டில்.

வடை வாங்குவதில் அந்தம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வடையைக் கண்ணால் பார்க்கமாட்டார். காதோரம் கொண்டுபோய் இரண்டு கையாலும் மெல்ல உடைப்பார். மொறுக் என்று ஒரு சத்தம் வரவேண்டும். வந்தால் தலையாட்டுவார். மந்தமாக வந்தால், "ஒரு சுத்து மறுபடி போட்டு எடும்மா" என்று திருப்பித் தந்துவிடுவார். "வாயில போட்டுப் பார்க்கவேண்டியதை யாராவது காதுல போட்டுப் பார்ப்பாங்களாம்மா?" என்று பட்டாசக்கா ஒருநாள் கேட்டாள்.

"விரதக்காரி ருசி பார்க்கக் கூடாதே. காது என்ன விரதமா இருக்கு?" என்றார் அந்தம்மா.

உடைத்த வடையின் முதல் பாதி அந்தம்மாவுக்கு. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எடைமேடைக்காரர் தன் பாதியை வாயருகே கொண்டுபோகமாட்டார். "மகராசி, சாப்பிட்டியா?" என்று கேட்பார். "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார் அந்தம்மா. அப்புறம்தான் கடிப்பார். கல்யாணமான புதிதில், ஒரு விரத நாளில், பெரிய குடும்பத்துக்கே பரிமாறிவிட்டுக் கடைசியாக அடுக்களைக்குப் போன மகராசி, அங்கே பானை காலியாக இருக்கக் கண்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறார். எடைமேடைக்காரர் அப்போது கூடத்தில் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு எடுத்த சபதம் அது. இதை அவரே பட்டாசக்காவிடம் சொல்லியிருக்கிறார். பட்டினி அறிந்த பட்டாசக்காவுக்கு அந்த மனிதர்மேல் தனி மரியாதை வந்தது அதனால்தான். அவர்களுக்கு மட்டும் வடையைச் சட்டியிலிருந்து அந்த நேரத்துக்குத்தான் எடுப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தம்மா போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்று படுத்தவர், விடியவில்லை. பட்டாசக்காவும் போய் மாலை போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த விரத நாள். தெருவிளக்கு எரிந்தது. எடைமேடைக்காரர் சலவைச் சட்டையில், வாரிய தலையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துக்கத்தை மறக்க வந்திருக்கிறார் பாவம் என்று பட்டாசக்கா நினைத்தாள். அவர் தூணைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, அவ வந்துட்டாளா?"

பட்டாசக்கா அவசரமாகச் சட்டிப் பக்கம் திரும்பினாள். வடையைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "வீட்லயே இருந்துட்டா போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அவர் மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கண் சிவந்திருந்தது. கையில் அந்தத் தாள். உள்ளே வடை முழுசாக இருந்தது. "மத்த நாள் எல்லாம் நல்லா இருக்கார்க்கா. அம்மா போனது தெரியும். படத்துக்குப் பூ வைக்கிறார். நேத்து விரத நாள் வந்ததும் எப்படியோ மறந்துபோச்சு. அம்மா சாப்பிடாம தொடமாட்டேன்னு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இருக்கிற உடம்பு. பட்டினி போட்டா ஆள் தங்கமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எடுத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இப்பத்தான் முதல் தடவை கேக்கிற மாதிரி அழறார்க்கா. அன்னைக்குப் பிணத்துக்கிட்ட அழுத அதே அழுகை. இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது."

மகள் கேட்டுக்கொண்டபடி, அடுத்த விரத நாளில் பட்டாசக்கா கடையைத் திறக்கவில்லை. வடை இல்லையென்றால் ஞாபகமும் வராது என்பது அவர்கள் கணக்கு. அவர் வந்தார். சாத்திக் கிடந்த கடை முன்னால் இருட்டும்வரை நின்றார். பிறகு மனைவியைத் தேடிக்கொண்டு நடந்தார். பழைய எடைமேடையில், லாரிகள் ஏறி இறங்கும் இரும்புத் தட்டின்மேல் மயங்கிக் கிடந்தவரைக் காவலாளி பார்த்துத் தூக்கி வந்தார். இனிமேல் கடையைச் சாத்துகிற பேச்சே இல்லை என்று பட்டாசக்கா சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த தடவை, அவர் தலை தெருமுனையில் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே ஒரு வடையை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைக் குப்பைக்கூடையில் போட்டாள். மற்றதைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"அம்மா அப்பவே வந்துட்டுப் போயிட்டாங்கய்யா. ஏதோ அவசரமாம். இது உங்க பாதி."

அவர் உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சாப்பிட்டாளா?"

"ஆச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. உங்களைச் சாப்பிடச் சொன்னாங்க."

சாப்பிட்டார். நின்றுகொண்டே, சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை மாதிரி, துணுக்கு சிந்தாமல் சாப்பிட்டார். பட்டாசக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி, அடுத்த ஈடு வடையைப் போட்டாள். டப்.

முதல் வடை வெடித்தது. அடுத்ததும். எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் சுட்டது. அன்று காலை ஒவ்வொரு பிடியாக நசுக்கிப் பார்த்தவள் அவள்; ஒரு மணியில்கூடக் கல் இல்லை. கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே குப்பைக்கூடையைத் திரும்பிப் பார்த்தாள். பசித்தவளுடைய பங்கைக் குப்பையில் போட்டோமே என்று பட்டது.

அதற்கப்புறம் முதல் பாதியை அவளே சாப்பிட்டாள். எண்ணெய் அதன்பிறகு தெறிக்கவில்லை. காதோரம் வைத்து உடைக்கவும் ஆரம்பித்தாள். சும்மா உடைத்தால் வெட்டு சரியாக வரவில்லை என்று தையல்காரரிடம் காரணம் சொன்னாள். "அது சரி, இனி நீ புடவையையும் காதுல வச்சுப் பார்த்து எடுப்ப" என்று அவர் கிண்டல் செய்தார்.

பொய் ஒன்று சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவேண்டியிருக்கிறது. எடைமேடைக்காரர் கேள்விமேல் கேள்வி கேட்டார். என்ன புடவை கட்டியிருந்தா? பச்சைங்கய்யா. இருமினாளா? இல்லைங்கய்யா. வடை எப்படி இருக்குன்னா? உப்பு கொஞ்சம் தூக்கல்னாங்க. அவர் கடித்துப் பார்த்து, ஆமாம், தூக்கல்தான் என்று சந்தோஷமாகத் தலையாட்டுவார். பட்டாசக்காவுக்குப் பகீரென்றது. அன்றைக்கு உண்மையிலேயே உப்புத் தூக்கல். ஆனால் அவள் அதை ருசி பார்த்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவள் பாதி அப்போது இன்னும் இலைத்துண்டில்தான் இருந்தது.

தூணோரமாக இப்போதெல்லாம் யாரும் நிற்பதில்லை என்பதையும் அவள் கவனித்தாள். எவ்வளவு கூட்டமென்றாலும் அந்த ஓரடி இடத்தை விட்டுவிட்டே நின்றார்கள். ஒரு சாயங்காலம், ஊருக்குப் புதிய ஆள் ஒருவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "முதல்ல அந்தம்மாவுக்குக் குடுங்க, ரொம்ப நேரமா நிக்கறாங்க. எனக்குப் பஸ் வர நேரமிருக்கு" என்றார்.

"எந்தம்மா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இங்கதான் நின்னாங்க. பச்சைப் புடவை."

பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நிற்பதும் போவதும் சகஜம், பச்சைப் புடவைக்கு உலகத்தில் பஞ்சமா என்று தையல்காரர் சொன்னார். சொன்னவர் அன்றைக்குத் தன் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து மனைவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பேயைவிடப் பெரிய பயம் வேறு திசையிலிருந்து வந்தது. எடைமேடைக்காரரின் முகம் வாட ஆரம்பித்தது. ஒருநாள் தன் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எப்பவும் நான் வர்றதுக்கு முன்னாடியே போயிடறாளே. என்மேல கோவமா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லைங்கய்யா."

"அன்னைக்கு அடுப்புக்கிட்ட விழுந்தாளே, அதை மனசுல வச்சிருக்காளா? நான் அன்னைக்கு உள்ள போய்ப் பார்த்திருக்கணும்மா."

நல்லது செய்கிறோம் என்று ஒரு மனிதரை அவர் மனைவி கைவிட்டுவிட்டாள் என்று நம்பவைத்துவிட்டோமே என்று பட்டாசக்கா கலங்கினாள். செத்துப்போனவள் என்று சொல்லியிருந்தால்கூட அழுதிருப்பார், ஆறியிருப்பார். இது ஆறாது.

அடுத்த விரத நாளில் அவர் தெருவிளக்குக்குக் காத்திருக்கவில்லை. அவள் அடுப்புப் பற்றவைக்கும்போதே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்கு அவளைப் பார்க்காம போகமாட்டேன்" என்றார். வெயில் ஏறியது. தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்றார். மகளுக்குச் சொல்லியனுப்பினாள்; மகள் வந்து கெஞ்சினாள்; அவர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கியது. உதடு வெளுத்து, கை நடுங்க ஆரம்பித்தது. மகள் பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வாயில் போடப் பார்த்தாள். தட்டிவிட்டார். "அவ சாப்பிடட்டும்."

தெருவிளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று மகளுக்குத் தெரியும், தையல்காரருக்குத் தெரியும். பட்டாசக்காவுக்கு மட்டும் அதைப் பற்றி அவ்வளவு நிச்சயம் இல்லை.

அவள் அடுப்பைத் தணித்தாள். சட்டியிலிருந்து ஒரு வடையை எடுத்து எண்ணெய் வடியவிட்டாள். சாமான் மேடையைச் சுற்றி வெளியே வந்து, இத்தனை நாள் யாரும் மிதிக்காத அந்த ஓரடி இடத்தில், தூணோரமாக, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். கட்டியிருந்தது என்னவோ பழுப்புப் புடவை. வடையைக் காதோரம் கொண்டுபோய் உடைத்தாள்.

மொறுக்.

முதல் பாதியைச் சாப்பிட்டாள். தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது. பெஞ்சிலிருந்து ஒரு குரல், பல மாதம் கேட்காத ஒரு குரல், இளவயதுக்காரர் குரல் மாதிரி வந்தது.

"மகராசி, சாப்பிட்டியா?"

"ஆச்சு, நீங்க சாப்பிடுங்க."

அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று பட்டாசக்காவால் கடைசிவரை சத்தியம் பண்ணமுடியவில்லை. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். அவர் தன் பாதியை வாங்கிக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்து, "கோவம் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டினாள். அன்றைக்குத் தையல்காரர் எதுவும் கிண்டல் செய்யவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத காரியம்.

அதன்பிறகு ஒவ்வொரு விரத நாளிலும் அப்படித்தான் நடந்தது. அவர் உடம்பு தேறியது, முகம் தெளிந்தது. ஒரு சாதாரண நாளில், தூக்கத்திலேயே, வலி இல்லாமல் போனார். மகள் வந்து சொல்லும்போது பட்டாசக்கா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தாள். தூக்குச்சட்டியை மூடிவிட்டு அழுதாள். நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். இனி அந்த வேஷம் வேண்டாம் என்ற நிம்மதியும் இருந்தது; அதை மறைப்பானேன்.

விரத நாள் வந்தது. ராத்திரியே ஜவ்வரிசியை ஊறப்போட்டிருந்தாள். கூட்டம் வந்தது, போனது. வடை ஒன்றுகூட வெடிக்கவில்லை. தெருவிளக்கு எரிந்தபோது அவள் கை தானாக ஒரு வடையை எடுத்துக் காதோரம் கொண்டுபோனது.

தையல்காரர் மெஷினை மூடிவிட்டு வந்தார். பக்கோடா மேடைமேல் மனைவியின் தூக்குச்சட்டி இருந்தது. எடுத்தால் கனத்தது. மூடியைத் திறந்தார். காலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"என்னடி இது? காலையிலேயும் எனக்கு மட்டும்தானே தட்டு போட்ட. நாள் பூரா ஒண்ணும் சாப்பிடலையா?"

அவள் தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். கையில் உடைத்த பாதி, கடிக்காமல், ஆறிப்போய் இருந்தது.

"உனக்கா பசிக்கல? வா, சாப்பிடலாம்."

"இருங்க" என்றாள், திரும்பாமல். "அவர் இன்னும் சாப்பிட்டியான்னு கேக்கலையே."

தையல்காரர் பெஞ்சைப் பார்த்தார். உட்காரப் போனவர் உட்காராமல் அப்படியே நின்றார்.